பேனரில் இருந்த பிள்ளையின் முகம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். மறதியும் ஜாஸ்தி. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் தை மாசம், தியாகதுருகத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. எதிர்வீட்டில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு மஞ்சள் நீராட்டு விழா. அவளுடைய தாய்மாமன் தெருமுனையில் பெரிய பேனர் கட்டினார். கிரீடமும் பட்டுப்புடவையுமாக, முகமெல்லாம் பவுடர் அப்பி, அவள் படம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விழா முடிந்து பள்ளிக்கூடம் போன பிள்ளை, கொஞ்ச நாளிலேயே இனிமேல் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். சோறும் இறங்கவில்லை. கண் பட்டுவிட்டது என்று அவள் அம்மா சுற்றிப்போட்டாள், மந்திரித்துக் கயிறு கட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. வயசுக்கு வந்த பிள்ளைதானே, படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

அவள் அம்மா கூலி வேலைக்குப் போகும்போது எதிர்வீட்டுக் கிழவி நான்தான் துணைக்கு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மெதுவாகக் கேட்டேன்.

"இன்னாடி பண்ணுது உனக்கு?"

"செல்லுல எல்லாரும் சிரிச்சிக்கினே இருக்கிறாங்க ஆயா."

யாரோ போன் போட்டுச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, "எடுக்காத, கட் பண்ணிடு" என்றேன். அவள் அழுதுகொண்டே செல்போனைக் காட்டினாள். பேனரில் இருந்த அதே முகம். யாரோ அதைப் படம் பிடித்து, மீசை வரைந்து, 'பவுடர் மூட்டை' என்று எழுதியிருந்தார்கள். வகுப்புப் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் குரூப்பாம். இவள் கணக்கில் சந்தேகம் கேட்டாலும் பதிலுக்கு அந்தப் படம்தான் வருமாம்.

தெருவில் ஒருத்தி திட்டினால் நாலு பேர் சேர்ந்து கேட்கலாம். இதை எங்கே போய்க் கேட்பது?

அவள் அம்மாவிடம் சொன்னேன். அவள் செல்போனைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"புடுங்கி வெச்சிட்டா அவங்க நிறுத்திடுவாங்களா? எனக்குத் தெரியாம சிரிப்பாங்க, அவ்ளோதான்" என்றாள் பிள்ளை.

மாமனுக்கோ ரோஷம் வந்துவிட்டது. கேலி செய்கிறவர்கள் வாயை மூடட்டும் என்று, முன்னதைவிடப் பெரிதாக இன்னொரு பேனரைப் பள்ளிக்கூடத்து வழியிலேயே கட்டிவிட்டார். பாசத்தில்தான் செய்தார். அவிழ்க்கச் சொன்னால், சுபகாரியத்துப் பேனர், பெண் முகம் இருக்கிறது, பாதியில் அவிழ்த்தால் ஆகாது என்றார்.

மறுநாள் காலையில் பிள்ளை தானாக எழுந்து கத்தியை எடுத்துக்கொண்டாள். "நீ பேனர் கம்ப மட்டும் புடிச்சிக்கோ ஆயா" என்றாள். நான் கூடவே போய்ப் பிடித்துக்கொண்டேன். கயிற்றை அவளே அறுத்தாள். பேனரைச் சுருட்டிக்கொண்டு அப்படியே அவளுடைய டீச்சரிடம் போனோம். அந்தம்மாதான் செல்லில் வந்த படங்களைச் சாட்சிக்கு அழிக்காமல் வைக்கச் சொல்லி, பிள்ளைகளின் பெற்றோரையும் வரவழைத்து விசாரித்தார்.

படத்தை முதலில் போட்டவள், நலங்கு வைக்கும்போது இவள் பக்கத்திலேயே நின்ற தோழி. பந்தியில் அவளுக்கு நான்தான் பாயசம் ஊற்றினேன். "தமாசுக்குத்தான் போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் நிறுத்த முடியல" என்று அவளும் அழுதாள். பொய் மாதிரியும் தெரியவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. படத்தை ஊருக்கே காட்டிய எங்களில் ஒருத்தரும் அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் உறுத்துகிறது.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்தத் தோழியோடு பேசுவதில்லை.

இந்த மாதிரித் தொல்லைக்கு உதவி கேட்க ஒரு போன் நம்பர் இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். மறந்துவிட்டேன், தப்பாக எழுதப் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சரிபார்த்து இதற்குக் கீழே போட்டுவிடுங்கள். அது இன்றைக்கே தேவைப்படுகிற பிள்ளை எங்கேயாவது இருக்கும்.