தெப்பக்குளத்தில் குதித்த ஹஸ்கி

இன்று சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தில் பார்த்ததை இன்னும் நம்ப முடியவில்லை.

எங்கள் தெரு ஜெசி டீச்சர் தன் ஹஸ்கியோடு வாக்கிங் வந்திருந்தார். பனிநாட்டு நாய், கம்பளி போர்த்தியது மாதிரி ரோமம். பெயர் ராஜா. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.

திடீரென்று கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு படியிறங்கிக் குளத்தில் குதித்துவிட்டது. நேராக மைய மண்டபத்தை நோக்கி நீந்தியது.

டீச்சர் அழுதபடி படியில் உட்கார்ந்துவிட்டார். சுண்டல் விற்கும் அண்ணன் பதறினார்.

"கூப்புடுங்க டீச்சர்! அம்புட்டு முடியும் நனைஞ்சு கனத்துச்சுன்னா முங்கிரும்!"

"கூப்பிட்டா வர்ற நாயாண்ணே அது?"

பாதித் தூரத்தில் தலை மட்டும்தான் தெரிந்தது. கரையில் நின்றவர்கள் எல்லாரும் "ராஜா! ராஜா!" என்று கத்தினார்கள்.

ராஜா மண்டபத்தில் ஏறி, உடம்பை ஒரு உதறு உதறி, தலையைத் தூக்கி நீளமாக ஊளையிட்டது. அந்தக் குளமே தனக்காக வெட்டப்பட்டது போல நின்றது.

அப்புறம் யாரும் கூப்பிடாமலே நீந்தி வந்து, டீச்சர் மடியில் ஈரத் தலையை வைத்துக்கொண்டது.

"இம்புட்டுப் பேரு கத்துறோம், காதுல விழலையாடா?" என்றார் டீச்சர். அது கண்ணை மூடிக்கொண்டது.

சரி, உங்கள் வீட்டில் கூப்பிட்டவுடன் வருகிறவர்கள் யாராவது உண்டா?