இன்ஜினுக்குள் எட்டு நட்டுகள்

நான் தவறான எண்ணை வாசித்தேன். தவறு என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அந்த எண்ணை நம்பி முறுக்கப்பட்ட எட்டு நட்டுகள் ஒரு காரின் இன்ஜினுக்குள், யார் கண்ணுக்கும் படாமல், இன்றும் இருக்கின்றன... அல்லது இந்நேரம் கழன்றுவிட்டன!

எது என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என் அச்சம்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். சிதம்பரத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. வகுப்பில் அறுபது பேர், பெண்கள் மூவர். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. உங்களிடம் அதை மறைத்து என்ன பயன்?

2009. விடுமுறைக்குக் கடலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் கணவர் கார் மெக்கானிக். வீட்டின் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஷெட்டில்தான் வேலை பார்ப்பார். அங்கே சிவப்பு நிறத்தில், இருவர் மட்டுமே அமரக்கூடிய ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. பல் டாக்டர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கியது. இன்ஜினுக்குள் ஏதோ தட்டும் சத்தம். மாமா அப்படி ஒரு இன்ஜினைத் தொட்டதே இல்லை. பழுதுபார்க்கும் கையேட்டை டாக்டர் அச்செடுத்துக் கொடுத்திருந்தார். முழுக்க ஆங்கிலம்.

“இன்ஜினியரம்மா வந்துட்டாங்க! இனிமே நான் ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற ஆளு, அவ்ளோதான்” என்றார் மாமா.

“சோறு வடிச்சாலே கையைச் சுட்டுக்குவா. அவளை நம்பி டாக்டர் வண்டியைத் தொறக்குறீங்களே!” என்று அக்கா உள்ளேயிருந்து சிரித்தாள்.

செயின் பிளாக்கை இரும்பு உத்தரத்தில் மாட்டி இன்ஜினைத் தூக்கி வெளியே இறக்கினோம். தேய்ந்த பேரிங்குகளை மாற்றினார் மாமா. அடுத்து அந்த எட்டு நட்டுகள். பிஸ்டன் தண்டுகளைக் கிராங்கோடு சேர்த்துப் பிடித்திருப்பவை அவைதாம். ஓடும் வேகத்தில் ஒன்று தளர்ந்தாலும் தண்டு இன்ஜினைப் பிளந்துகொண்டு வெளியே வரும்!

எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்குக் கையேட்டில் இரண்டிரண்டு எண்கள் இருந்தன. ஒன்று நம் அளவு. மற்றொன்று அமெரிக்க அளவு. மற்ற எல்லாப் பக்கங்களிலும் நம் அளவு இடப்பக்கம் இருந்தது. இந்த எட்டு நட்டுகளுக்கான பக்கத்தில் மட்டும் வரிசை மாறியிருந்தது. நான் தலைப்பைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு ஏது... எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

ஐம்பது என்று சொல்ல வேண்டிய இடத்தில் முப்பத்தேழு என்றேன்.

மாமா டார்க் ரெஞ்சில் முப்பத்தேழு வைத்து முறுக்கினார். அளவு வந்ததும் அது ‘டிக்’ என்றது. அவர் கையை எடுக்காமல் நின்றார்.

“இன்னும் கால் சுத்து வாங்கும்மா இது. கைக்குத் தெரியுது.”

“கை சொல்றதைக் கேக்கவா மாமா என்னைப் படிக்க வெச்சீங்க? புக்குல போட்டிருக்கு.”

“சரிம்மா. நீ படிச்சவ.”

எட்டையும் அப்படியே முறுக்கினார்.

கார் சத்தமில்லாமல் ஓடியது. மாமா குறிஞ்சிப்பாடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். டாக்டர் லட்டு வாங்கி வந்தார். கையேட்டுத் தாள்களைக் கையோடு எடுத்துக்கொண்டு நான் சிதம்பரம் திரும்பினேன்.

மூன்று வாரம் கழித்து, விடுதியில் தோழிகளிடம் பெருமையடிக்க அந்தத் தாள்களை எடுத்துக் காட்டினேன். “இதுல எது நம்ம அளவு?” என்று ஒருத்தி கேட்டாள். விரலை வைத்துக் காட்டப் போனேன்... அப்போதுதான் தலைப்பைப் படித்தேன். நான் மாமாவுக்கு வாசித்தது அமெரிக்க அளவு.

மறுநாள் காலை கடலூர் பஸ் ஏறினேன். ‘மாமா, தப்பாச் சொல்லிட்டேன், மறுபடியும் இன்ஜினை இறக்கணும்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆலப்பாக்கம் தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

ஷெட்டில் அந்தக் கார் நின்றது. டாக்டர் அதை விற்றுக்கொண்டிருந்தார்! வாங்க வந்தவர் பெங்களூர்க்காரர். கூடவே அவர் மனைவி, கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக்கயிறு.

“இன்ஜின் எறக்குன வண்டின்னாங்க. நம்பி எடுக்கலாமா?” என்று அவர் மாமாவைக் கேட்டார்.

மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “என்னைக் கேக்காதீங்க சார். தோ வந்துட்டாங்க பாருங்க, எங்க இன்ஜினியரம்மா! அவுங்க புக்கைப் பாத்துச் சொல்லச் சொல்ல முறுக்குனது. அவுங்களையே கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். மாமா முகத்திலிருந்த அந்தச் சிரிப்பு போயிருக்கும், அவ்வளவுதானே? இல்லை... மாமாவைச் சாக்கு சொல்கிறேன். என்னை அப்படிப் பார்த்த நான்கு ஜோடிக் கண்கள் வேறு விதமாகப் பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“தாராளமா எடுக்கலாம் சார்” என்றேன்.

“பொண்ணு பாத்த வேலை, சுத்தமாத்தான் இருக்கும்” என்று அந்த மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வடலூரில் கும்பிட்டுவிட்டு அப்படியே பெங்களூர் போவதாகச் சொன்னார்கள். கார் தெருமுனை திரும்பியது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்!

மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விபத்துச் செய்திகளை முதல் வரியிலேயே நிறுத்திவிடுகிறேன். பெங்களூர் என்று வந்தால் செய்தித்தாளை மடித்துவிடுகிறேன். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா? டாக்டரிடம் முகவரி கேட்டிருக்கலாம். எதற்கு என்று கேட்பாரே... அதனால் கேட்கவில்லை.

அந்தக் கார் இப்போது உங்களிடமே இருக்கலாம். இருந்தால், தயவுசெய்து ஓட்டாதீர்கள். இன்ஜினை இறக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறேன். இப்படி எழுதினால் எந்தக் கார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அதன் பதிவெண் எனக்கு மனப்பாடம். எழுதினால் மாமாவைத் தேடி வருவார்கள். மாமா என்னைக் கைகாட்டுவார்... பதிவெண்ணுக்கு ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன். இன்னும் எழுதவில்லை.