லமாரா டீச்சருக்குத் தொண்டை கட்டிய பன்னிரண்டு நாட்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் லமாரா இருபத்தாறு வருடமாக ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தாள். அந்த இருபத்தாறு வருடத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் ஒரு மனிதரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. குதாயிஸி நகரக் கல்லூரியில் அவளுக்குப் பாடம் சொன்ன பேராசிரியர்களும் பார்த்ததில்லை. அங்கே ஒரே ஒரு இசைத்தட்டு இருந்ததாம். அதில் ஒரு லண்டன்காரர் குடும்பத்தோடு காலை உணவு சாப்பிடுவார். லமாரா படிக்கப் போன காலத்துக்குள் அது தேய்ந்துபோய், அவர் ரொட்டிக்கு வெண்ணெய் கேட்கும் இடத்தில் ஊசி சிக்கிக்கொள்ளுமாம். மனிதர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஆனால் இலக்கணத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. நான் கணக்கு டீச்சர், பக்கத்து வீட்டுக்காரியும்கூட. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வரிசை ஹேசல் கொட்டைச் செடிகள்தான் வேலி. வாய்ப்பாட்டை நான் ஒப்பிப்பது போல அவள் அந்த மொழியின் விதிகளை ஒப்பிப்பாள். அவள் லண்டனிலேயே பிறந்தவள் போலத்தான் ஊரே அவளைப் பற்றிப் பேசும்.

2010 இலையுதிர் காலத்தில் அரசாங்கம் கிராமத்துப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை அனுப்பத் தொடங்கியது. எங்களுக்கும் ஒருவர் என்று கடிதம் வந்தது. அவர் ஏதாவது ஒரு வீட்டில் தங்கியாக வேண்டும். தலைமையாசிரியர் ஓதார் இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"லமாரா டீச்சர், உங்க வீடுதான். உங்க பையன் ரூம் சும்மாத்தானே கிடக்கு? வேற எங்க விட்டாலும் பாவம், ஊமை மாதிரி உக்காந்திருப்பாங்க."

"சார், எங்க வீட்டுக் கூரை ஒழுகுது."

கூரை உண்மையாகவே ஒழுகியது. ஆனால் அவள் புருஷன் அமிரான் சனிக்கிழமையே ஏறித் தகரத்தை மாற்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பதூமி நகரத்திலிருந்து உட்கார்ந்து போகும் கழிப்பறைப் பீங்கான் ஒன்றை வாங்கி வந்து வீட்டுக்குள்ளேயே பொருத்தினான். விருந்தாளி என்றால் அவனுக்குக் கல்யாணம் மாதிரி.

அன்று சாயங்காலம் லமாரா வேலிக்கு வந்தாள். "டோடோ, என் மானம் போகப் போகுதுடி."

"ஏன்? நீதான் நல்லாப் பேசுவியே."

"நான் எப்போ பேசினேன்? எழுதுவேன், படிப்பேன், பசங்களைத் திட்டுவேன். பேசினதே இல்லடி!"

அந்த வெளிநாட்டு டீச்சரம்மா வந்த நாளில் அடைமழை. பெயர் எய்லி. ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஏதோ ஒரு தீவு. நாற்பத்தைந்து வயது இருக்கும். சிவந்த கன்னம், தோளில் ஒரே ஒரு பை. மினிபஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீடு நிறைய ஆள். மேஜை நிறையச் சீஸ் வைத்துச் சுட்ட கச்சாபுரி, அவித்த கோழி, வால்நட் அரைத்த கத்தரிக்காய், சோள ரொட்டி. லமாரா மூன்று நாளாக உருப்போட்டிருந்த வாக்கியத்தைச் சொன்னாள். அவளுடைய ஆங்கிலத்தை நம் மொழியில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்: "எமது எளிய இல்லத்திற்குத் தங்களை உளமார வரவேற்கிறோம்."

எய்லி முகம் மலர்ந்து ஏதோ சொன்னாள். குரியா வட்டாரத்துக்காரர்கள் நாங்களே மூச்சு விடாமல் பேசுகிறவர்கள். அவள் எங்களையும் மிஞ்சினாள். பாதி தொண்டையிலும் பாதி மூக்கிலும் உருண்டு வந்தது அந்தப் பேச்சு.

"என்ன சொல்றாங்க?" என்றான் அமிரான்.

லமாராவுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஒரு சொல்! இருபது முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. "நம்ம ஊர் ரொம்ப அழகா இருக்காம்" என்றாள்.

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அமிரான் ஒயினை ஊற்றி ஊருக்காக ஒரு கோப்பை, விருந்தாளிக்காக ஒரு கோப்பை, அவளைப் பெற்றவர்களுக்காக ஒரு கோப்பை என்று ஆரம்பித்துவிட்டான். எய்லி மறுபடியும் ஏதோ சொன்னாள். "ஒயினும் நல்லா இருக்காம்" என்றாள் லமாரா. நான் அந்த அம்மாவின் கால்களைப் பார்த்தேன். ஒன்றோடு ஒன்று பின்னி நின்றிருந்தன. மூன்று பிள்ளை பெற்ற எனக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அமிரானின் புதுப் பீங்கானைக் காட்டினேன். வெளியே வந்தபோது என்னை அப்படிக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் லமாராவின் கழுத்தில் கம்பளித் துண்டு. தொண்டை கட்டிவிட்டதாம், பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. எய்லி பதறிப்போய்த் தன் பையிலிருந்த விஸ்கியில் தேன் கலந்து கொடுத்தாள். லமாரா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அதன் பிறகு எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதித்தான் நடந்தது. எழுத்தென்றால் லமாராவுக்குப் பயமே இல்லை. "மதிப்பிற்குரிய எய்லி அவர்களே, தங்கள் காலுறைகள் அடுப்பருகே உலர்த்தப்பட்டுள்ளன." "இரவு உணவில் தாங்கள் மீனை விரும்புவீர்களா, பீன்ஸையா?" எய்லி அதன் அடியிலேயே பதில் எழுதிவைப்பாள். பள்ளியில் எய்லி பாட்டுப் பாடிப் பிள்ளைகளை ஆட வைப்பாள். லமாரா கழுத்துத் துண்டோடு பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவாள்.

வீட்டில் அமிரானுக்கும் எய்லிக்கும் எந்தச் சிக்கலும் இல்லை. அவன் எங்கள் மொழியில் பேசுவான், அவள் தன் மொழியில் பேசுவாள், நடுவில் மாடு நிற்கும். மடியைப் பிடித்துக் கறக்கத் தெரிந்தவள் என்று முதல் வாரமே அவன் கண்டுபிடித்துவிட்டான். வேலியோரம் நின்றால் இருவரும் சிரிப்பது கேட்கும். மாட்டைத் திட்டும் எங்கள் ஊர் வசவுகள் நாலைந்தை அவளுக்குச் சுத்தமாகக் கற்றுக்கொடுத்திருந்தான்.

"எல்லாரும் அவகூடப் பேசறாங்கடி. மாடுகூடப் பேசுது. நான் ஒருத்திதான் ஊமை" என்று லமாரா என்னிடம் வந்து புலம்பினாள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அது நடந்தது. லமாரா ஏழாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். மேஜையில் எய்லியின் சீட்டு ஒன்று கிடந்தது: நாளைக்குக் கோழியைத் தான் சமைக்கட்டுமா என்று கேட்டிருந்தாள். லமாரா அதையும் எடுத்தாள், படித்தாள், கை தானாகப் போனது. 'நாளை' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்து கூடுதல், ஓரெழுத்து குறைவு. 'கோழி'யில் ஓரெழுத்தைக் காணோம். காற்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. சிவப்புப் பேனாவால் நாலு வட்டம் போட்டு, அடியில் பத்துக்கு ஆறு என்று மதிப்பெண்ணும் போட்டு, 'கவனம் தேவை' என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள். பிறகு மாவு பிசையப் போய்விட்டாள்.

எய்லி வந்து அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். திரும்ப மேஜையிலேயே வைத்தாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை.

மேஜையில் சீட்டைப் பார்த்த பிறகுதான் லமாராவுக்கு உறைத்தது. வந்த விருந்தாளியை, அவள் தாய்மொழியிலேயே, தன் வீட்டிலேயே அவமானப்படுத்திவிட்டோம்! அடுப்பில் ரொட்டி கருகியது. அவள் கழுத்துத் துண்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு அந்த அறை வாசலில் போய் நின்றாள். ஒரு சீட்டு எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளியிருக்கலாம். தோன்றவில்லையாம்.

"எய்லி அவர்களே" என்றாள் கதவைப் பார்த்து. "நான் பிழை செய்துவிட்டேன். என் தொண்டைக்கு எந்த நோயும் இல்லை. தாங்கள் பேசுவதில் ஒரு சொல்லும் எனக்குப் புரிவதில்லை. அதனால் மௌனம் காத்தேன். நான் ஒரு போலி ஆசிரியை."

கதவு திறந்தது. எய்லியின் கண் சிவந்திருந்தது. இப்போது அவள் ஒவ்வொரு சொல்லாக, படி இறங்குகிற மாதிரிப் பேசினாள். முதல் தடவையாக லமாராவுக்குப் புரிந்தது.

"நீங்க போலியா? நான் பதினாறு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டவ. பத்தொன்பது வருஷம் கப்பல் கேண்டீன்ல டீ ஊத்தினேன். கேண்டீனை மூடினாங்க, இந்த வேலைக்கு எழுதிப் போட்டேன், எடுத்துக்கிட்டாங்க. எழுத்துப் பிழையில்லாம ஒரு வரி எழுத வராது. என்னிக்காவது பிடிபடுவேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்குப் பிடிச்சிட்டீங்க."

"பத்துக்கு ஆறு தேர்ச்சிதான்" என்றாள் லமாரா.

எய்லி சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடியும் சிரிப்பானது. "என் பேச்சு லண்டன்காரனுக்கே புரியாதுங்க. டீயில சர்க்கரை வேணுமான்னு கேட்டா, என்ன என்னன்னு நாலு தடவை கேப்பான்."

அமிரான் அடுப்பிலிருந்து கருகிய ரொட்டியை எடுத்துக்கொண்டே, "வந்திடுச்சா தொண்டை?" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"இருபத்திரண்டு வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்துறேன். நிஜமாத் தொண்டை வலிச்சா நீ அதைப் பத்தியே நாள் பூராப் பேசுவியே!"

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவர்கள் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள். எய்லி ஏதாவது ஒன்றை மெதுவாக வாசிப்பாள். லமாரா கேட்டு எழுதுவாள். பிறகு லமாரா சொல்வாள், எய்லி எழுதுவாள். சிவப்புப் பேனா எய்லி கேட்டதால்தான் தொடர்ந்தது. பிப்ரவரியில் எய்லி முதல் தடவையாகப் பத்துக்குப் பத்து வாங்கினாள். அந்தத் தாளை அமிரான் ஒயின் அலமாரியின் கதவில் ஒட்டினான். வகுப்பிலும் அப்படித்தான். ஒரு பிள்ளை எழுந்து இந்த இடத்தில் ஏன் இப்படி வருகிறது என்று கேட்டால், "அதுக்கு லமாரா டீச்சர்தான்" என்று எய்லி சாக்பீஸை நீட்டுவாள். லமாரா மூன்று விதியும் நாலு விலக்கும் சொல்வாள். எய்லி பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிக்கொள்வாள்.

எல்லாமே தேனாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க ஊரே சாப்பிடச் சொல்வது எய்லிக்குச் சில சமயம் மூச்சு முட்டும். தனியாக ஆற்றங்கரைக்கு நடக்கப் போவாள். பின்னாலேயே யாராவது, தனியாகப் போகிறாளே, என்ன கவலையோ என்று ஓடுவார்கள். பிறகு லமாராதான் எல்லோருக்கும் சொன்னாள்: "அவங்க ஊர்ல அது உடம்புக்கு நல்லதாம். விடுங்க." இந்தத் தடவை உண்மையாகவே மொழிபெயர்த்தாள்.

வசந்தத்தில் ஆசிரியர்களுக்குத் தேர்வு வந்தது. பேச்சுத் தேர்வும் உண்டு. தலைநகர் திபிலிசியிலிருந்து வந்த இளம் பெண் ஒருத்தி லமாராவைப் பத்து நிமிடம் கேள்வி கேட்டுவிட்டு, "எங்க படிச்சீங்க டீச்சர்? இந்த உச்சரிப்பை நான் எங்கயுமே கேட்டதில்லையே" என்றாளாம்.

"குதாயிஸில ஆரம்பிச்சேன். கப்பல் கேண்டீன்ல முடிச்சேன்" என்றாள் லமாரா. அவள் தேறினாள். எய்லியின் தீவுக்காரர்கள் போலவே இப்போது பாதிச் சொல்லை மூக்கில் உருட்டுகிறாள். ஆனால் வாக்கியம் மட்டும் பழையபடி புத்தகம்தான்.

ஜூனில் எய்லி ஊருக்குப் போக வேண்டியவள். இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். வீடு மாற்றித் தரட்டுமா என்று அதிகாரிகள் கேட்டதற்கு, இவர்களுடைய மாடு பழகிவிட்டது என்றாளாம்.

ஆகஸ்டில் கொட்டை பறிக்கும்போது வேலியின் அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு சொல்லுக்கு இரட்டை எழுத்தா ஒற்றை எழுத்தா என்று சண்டை. குரல் தெரு வரை கேட்டது.

"டோடோ, நீயே சொல்லுடி!" என்று லமாரா கத்தினாள்.

"எனக்கென்னடி தெரியும்? கொட்டையை எண்ணச் சொன்னா எண்ணுறேன்" என்றேன். எய்லி தன் மடியிலிருந்து ஒரு பிடியை அள்ளி என் பக்கம் வீசினாள். நல்ல கொட்டைகள். அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருந்தது.