நெல்லிக்காய் அளவு

மார்பில் இருக்கும் கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்ததும் தாணேயிலிருந்து மகன் ஓடி வந்தான். "வெட்டி எறிஞ்சுடலாம்மா" என்றான், ஏதோ கத்திரிக்காயில் சொத்தையைச் சொல்வதுபோல. செம்பூர் டாக்டர், பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுப் பெண், ஒத்துக்கொள்ளவில்லை. என் இதயம் பலவீனமாம், மயக்க மருந்து ஆபத்தாம். இந்த வகைக் கட்டி உடம்பில் ஊறும் ஹார்மோனைத் தின்று வளர்கிறது, அந்தத் தீனியை நிறுத்த தினம் ஒரு மாத்திரை போடுங்கள், மூன்று மாதம் பார்ப்போம் என்றாள். வளர்ந்தால்தான் ஆபரேஷன்.

புற்றுநோய்க்கு ஒரே ஒரு மாத்திரையா? பிரஷருக்கே நான் இரண்டு போடுகிறேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் முழங்கால் பிடித்துக்கொண்டதுதான் மாத்திரையால் கண்ட பலன்.

அதனால் நானே அளக்க ஆரம்பித்தேன். மாட்டுங்கா சமையலறையில் ஐம்பது வருஷம் புளி உருட்டிய விரல்கள் இவை. நெல்லிக்காய் அளவா, எலுமிச்சை அளவா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும். குளிக்கும்போது, ரசம் நுரைத்து வரும்போது, சீரியல் பார்க்கும்போது, கை அங்கேயே போய் நிற்கும். முதலில் நெல்லிக்காய் அளவுதான் இருந்தது.

எதிர் ஃபிளாட் மாமி, "பால், தயிர்லயெல்லாம் மாட்டு ஹார்மோன் இருக்காமே" என்றாள். அன்றோடு தயிரை விட்டேன். தயிர் இல்லாமல் எனக்கு என்ன சாப்பாடு? இரண்டு வாய் ரசம் சாதத்தோடு எழுந்துவிடுவேன். அப்படியும் கட்டி நாளுக்கு நாள் விரலில் துருத்தியது. எலுமிச்சையே ஆகிவிட்டது என்று முடிவு கட்டினேன். மூன்று மாதம் முடிந்து ஸ்கேனுக்குப் போகும் டாக்ஸியில் மகனிடம், "ஆபரேஷனுக்கே நாள் பாத்துடு" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, கட்டி வளரலை. நன்னா சுருங்கியிருக்கு. நீங்கதான் இளைச்சுட்டேள். சுத்தியிருந்த சதை போயிடுத்து, அதான் கைக்குப் பெரிசாத் தெரியறது. மாத்திரையே போதும். ஏன், சரியா சாப்பிடறதில்லையா?"

தயிர்க் கதையைச் சொன்னேன். மகன் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு மாமிமேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். வாழ்ந்தது போதும், கூப்பிட்டால் கிளம்ப வேண்டியதுதான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அலட்டிக்கொண்டிருந்தவள் நான். அந்த நான்தான் உயிருக்குப் பயந்து வயிற்றைக் காயப்போட்டிருக்கிறேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழாதேங்கோ, நல்ல நியூஸ்தானே?" என்றாள் டாக்டர்.

"எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்டீ கொழந்தே" என்றேன்.