சோள மா தூவிப் பார்த்த அக்கா

கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரியில், பாண் சுடும் பெரிய அடுப்பான போறணையில் வேலைக்கு நிற்கிறேன். ஒருமுறை மெலிந்த ஒரு அக்கா வந்தா. ஒரு வாய்க்குள் அடங்கும் சின்னச் சோள கேக்குகளை, சுடாமல் ட்ரேயில் கொண்டுவந்திருந்தா. பாண் இறக்கிய பிறகு, மிஞ்சின சூட்டில் சுட்டுத் தரக் கேட்டா. பள்ளிக்கூடக் கன்டீன்காரர், விற்க எடுக்கலாமா என்று ருசி பார்க்க வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தாராம்.

திங்கள் தொடங்கி மூன்று நாளும் கேக்கின் அடி கருகியது. கருகினதையும் அங்கேயே நின்று தின்றா.

வியாழன் சொன்னேன், "இது பாண் போறணை அக்கா. விட்டுடுங்க."

"சூடு எப்படிப் பார்க்கிறீங்க?"

கோதுமை மா கொஞ்சம் உள்ளே தூவிக் காட்டினேன். மெல்லச் சிவந்தது. அவ தன் சோள மாவைத் தூவினா. உடனே கறுத்தது.

"உங்கட மாவுக்குச் சரி தம்பி. என்ட மாவுக்கு இன்னும் ஆறணும்."

அரை மணித்தியாலம் போறணை வாசலிலேயே நின்றா. மறுபடி தூவினா. மா பொன்னிறமாக வந்த பிறகுதான் ட்ரேயை வைக்க விட்டா. ஒன்றும் கருகவில்லை. சுடச்சுட, பட்டரில் கித்துள் பனையின் இனிப்புப் பாணியைக் குழைத்துப் பூசினா.

"கன்டீன்காரர் வேணாம் என்டா?" என்றேன்.

"அடுத்த கன்டீனுக்குப் போவேன்."

சிரிக்காமல்தான் சொன்னா. பிறகு அவ வரவில்லை; கன்டீன்காரர் எடுத்தாரோ என்னவோ, தெரியாது. இருபது வருசம் போறணையில் நின்றும், அவவிட மாவைத் தூவிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே.