வெந்நீரில் குளித்த பாட்டில்

தில்லியில் தோசை மாவை முதன்முதலில் பாக்கெட்டில் போட்டு விற்றவன் நான்தான் என்று சொன்னால் இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கோவில்பட்டியிலிருந்து ரயிலேறி வந்து, முனிர்காவில் ஒரு கிரைண்டரோடு ஆரம்பித்தேன். இன்றைக்கு ஏழு கிரைண்டர், சொந்தமாக மூன்று மாடிக் கட்டடம். கிட்வாய் நகரில் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை இட்லி யாருடைய மாவு என்று.

தில்லிக் குளிரில் மாவைப் பொங்க வைப்பது லேசான காரியமில்லை. டிசம்பர் வந்துவிட்டால் மற்றவர்கள் மாவு அரைத்து வைத்தது அரைத்து வைத்தபடியே கிடக்கும். என் மாவு பொங்கும். எப்படி என்று கேட்பவர்களுக்கு நாற்பது வருடமாக ஒரே பதில்தான் வைத்திருந்தேன். வலது கையைத் தூக்கிக் காட்டுவேன். அரைப்பதற்கு ஆள் போட்டிருக்கிறேன்; ஆனால் அரிசி மாவையும் உளுந்து மாவையும் ஒன்றாக்கி, கல்லுப்புப் போட்டுக் கலக்குகிற வேலையை மட்டும் யாரிடமும் விட்டதில்லை. அது கைராசி. அப்படித்தான் என் அம்மாவும் சொன்னார், வாங்குகிறவர்களும் சொன்னார்கள். பெருமையாக ஒரு விஷயத்தைச் சொன்னால் அதை யார் மறுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் பெண் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். திருநெல்வேலிக்காரி. போன டிசம்பரில் ஒரு நாள் கீழே இறங்கி வந்தாள்.

"அண்ணாச்சி, எனக்கு மாவு வேணும். பொங்காத மாவு."

"பொங்காத மாவு வாங்க என் கடைக்கா வந்தே? அடுத்த தெருவுக்குப் போம்மா, அங்க வருஷம் பூரா கிடைக்கும்."

சிரித்துவிட்டு விவரம் சொன்னாள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கிண்ணத்தில் அரிசி மாவையும் உளுந்து மாவையும் தாங்களே கலக்க வேண்டும். அதைப் பாட்டிலில் பாதி ஊற்றி, பாட்டில் வாயில் பலூனை மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை வைத்துவிட்டுப் போய்த் திங்கட்கிழமை வந்து பார்த்தால் பலூன் ஊதியிருக்கும். ஊதியது யார் என்று பிள்ளைகள் யோசிக்க வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நானே வந்து சொல்லிட்டுப் போறேன்."

"நீங்க சொல்லிட்டா பாடமே போச்சு, அண்ணாச்சி. வந்தா சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கேன்" என்றேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். அவள் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு தூக்கு நிறைய மாவோடு போனேன். இருபத்தாறு பிள்ளைகள். மேஜைகளைச் சுவரோரம் தள்ளி, தரையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தார்கள். என் ஹிந்திக்கு இலக்கணம் கிடையாது. அந்த ஹிந்தியை வைத்துத்தான் கட்டடம் கட்டினேன். அதிலேயே ஆரம்பித்தேன். கையை மேலே தூக்கி, "இந்தக் கைதான் மாவைப் பொங்க வைக்குது. உங்க பலூனும் எழும்பும். ஆனா என் பலூன்தான் எல்லாத்தையும்விடப் பெருசா எழும்பும், பாருங்க" என்றேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் வாடகைதாரர் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

கலக்க ஆரம்பித்த ஐந்து நிமிடத்தில் வகுப்பு என் கிரைண்டர் அறையைவிட மோசமாகிவிட்டது. உளுந்து மாவு லேசில் விடாது. ஒரு பையன் விரல்களை விரித்து, இடையில் படலம் கட்டியிருப்பதைக் காட்டி, தான் வாத்து என்றான். ஒருத்தி ஸ்வெட்டர் கையை மடிக்காமலே உள்ளே விட்டாள். ஒருவன் நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்து, மறுபடியும் நக்கினான். இன்னொருத்தி வழவழத்த கையால் பலூனை மாட்டப் போக, அது விருட்டென்று பறந்து மின்விசிறியில் போய்த் தொங்கியது. செய்தித்தாளைச் சுருட்டிப் புனல் மாதிரி பிடித்து நான்தான் பாட்டில் பாட்டிலாக ஊற்றினேன். குனிந்து குனிந்து இடுப்பு கழன்றுவிட்டது. ஆனாலும் அப்படி ஒரு சத்தத்தில் நான் வேலை செய்து வெகு நாளாயிற்று.

மூலையில் ஒரு பெண் குழந்தை இடது கையால் கலக்கிக்கொண்டிருந்தது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் பிள்ளை, தமிழ்க் குடும்பம். நான் பக்கத்தில் போய், "அந்தக் கையை எடு பாப்பா. பீச்சாங்கை பட்டா மாவு பொங்காது" என்றேன்.

"க்யோன் தாத்தா, ஏன்?"

"பொங்காதுன்னா பொங்காது."

"ஆனா எனக்கு லெஃப்ட்தான் வரும்."

"அப்ப உன் பலூன் படுத்துத்தான் கிடக்கும்."

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு இடது கையாலேயே கலக்கி முடித்தாள். அவள் பாட்டிலுக்கு மஞ்சள் பலூன். டீச்சர் தன் பங்குக்கு ஒரு பாட்டில் மாவை ஸ்பூனால் கலக்கி வைத்தாள். கையே படாத மாவு. எனக்குச் சிரிப்பு வந்தது. என் மாவைக் கனத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, சிவப்பு பலூன் மாட்டினேன்.

பிள்ளைகள் வரிசையாகக் கை கழுவ வெளியே போனார்கள். அறை சில்லென்று இருந்தது. சுவரோரம் இருபத்தெட்டு பாட்டில்களும் நின்றன. அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாற்பது வருடத்தில் என் மாவை இன்னொருவர் மாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. இந்தச் சிவப்பு பலூன் மற்றதைவிடச் சின்னதாக நின்றுவிட்டால்?

பிள்ளைகள் கை கழுவுவதற்கு ஆயா தண்ணீர் சூடு பண்ணியிருந்தாள். ஒரு வாளியைப் பச்சைத் தண்ணீர் கலந்து வெளியே கொண்டுபோய்விட்டாள். இன்னொன்று, கரண்ட் ராடை அப்போதுதான் எடுத்தது, மூலையில் ஆவி பறக்க நின்றது. பட்டறையில் குளிர் அதிகமானால் மாவுத் தூக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துவது என் வழக்கம். அன்றைக்கு அவசரத்தில் விரல் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. என் பாட்டிலை மட்டும் அந்த வாளியில் இறக்கினேன். இரண்டு நிமிடம் என்று நினைத்தது, வாசலில் வரிசையை வேடிக்கை பார்த்ததில் கால் மணி நேரம் ஆகிவிட்டது. எடுத்துத் துடைத்து, மற்ற பாட்டில்களோடு அட்டைப்பெட்டியில் வைத்து, நான் கொண்டுபோயிருந்த பஞ்சு ரஜாயைப் போர்த்திவிட்டேன்.

திங்கட்கிழமை காலை டீச்சரோடு ஒரே ஆட்டோவில் போனேன். வழியில் அவள், "அண்ணாச்சி, அந்த லெஃப்ட் ஹேண்ட் பாப்பா இருக்கால்லா" என்றாள்.

"ஆமா, பிடிவாதக்காரி."

"அவ அம்மா போன் பண்ணுனாங்க. ரெண்டு நாளா ரைட் ஹேண்ட்லதான் எழுதுவேன்னு உக்காந்திருக்காளாம். எழுத வராம அழுகையாம். என் கை கெட்ட கையான்னு கேட்டாளாம்."

ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த மஞ்சள் பலூன் படுத்துக் கிடந்தால் அந்தப் பிள்ளை இனி இடது கையைத் தொடாது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, இன்னொருவர் மாவு பொங்க வேண்டுமே என்று நினைத்தேன்.

ரஜாயை எடுத்ததும் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். பலூன்கள் எழும்பி நின்றன. சில பெரிது, சில கொய்யாக்காய் அளவு. அதிகமாக ஊற்றிய நான்கைந்து பாட்டில்களில் மாவே ஏறிப் பலூனுக்குள் போய், கனம் தாங்காமல் தலை சாய்ந்திருந்தது. டீச்சரின் ஸ்பூன் பாட்டிலிலும் பலூன் நின்றது. மஞ்சள் பலூன் நன்றாக, உருண்டையாக நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

சிவப்பு பலூன் மட்டும் நனைந்த சாக்ஸ் மாதிரி தொங்கியது.

"தாதாஜி ஃபெயில்" என்றான் வாத்துப் பையன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் குழந்தை சிரிக்கவில்லை. என் பாட்டிலையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, உங்க பாட்டில் மட்டும் எதுக்கு கரம் பானியில குளிச்சுது?"

அன்றைக்கு ஸ்வெட்டரில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டு அவள் வரிசைக்குப் போகாமல் உள்ளேயே நின்றிருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

மழுப்பியிருக்கலாம். கண்ணாடி பாட்டில் என்று சொல்லியிருக்கலாம், குளிர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் இடது கையைப் பாவாடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கேட்டாள். "என் பலூன் பெருசா வரணும்னு நான்தான் சுடுதண்ணியில வச்சேன்" என்று ஹிந்தியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களுக்கு அதற்கு நேரமில்லை. எவ்வளவு சூடு, குளிக்கிற சூடா, டீ குடிக்கிற சூடா என்று கேட்டான் ஒருவன். விரல் வைத்துப் பார்த்தீர்களா என்றாள் இன்னொருத்தி. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்று எல்லோரும் கத்தினார்கள். டீச்சர் பலூனைக் கழற்றி, நீளமான ஸ்கேலை உள்ளே விட்டுக் கிளறினாள். கண்ணாடியோரம் மாவு வெந்து, வெள்ளையாகத் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது.

"இட்லி" என்றது மொத்த வகுப்பும்.

"சரி, மத்த பாட்டில்ல பலூனை ஊதினது யாரோ, அது இந்த பாட்டில்ல என்னாச்சு?" என்று கேட்டாள் டீச்சர்.

பிள்ளைகள் ஸ்கேலில் ஒட்டிய துண்டுகளை எட்டிப் பார்த்தார்கள். பிறகு வாத்துப் பையன் மெதுவாக, "மர் கயா" என்றான். செத்துப்போச்சாம்.

அப்போதுதான் டீச்சர் சொன்னாள்: அரிசியிலும் உளுந்திலும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன, அவை மாவைத் தின்று மூச்சு விடுகின்றன, அந்த மூச்சுதான் பலூனில் இருப்பது. குளிரில் சுணங்கும், இளஞ்சூட்டில் சுறுசுறுப்பாகும், கொதிசூட்டில் செத்துப்போகும். நான் பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருடமாக நான் என்ன வியாபாரம் செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கும் கேள்விகள் வந்தன. ஃப்ரிட்ஜில் வைத்தால் அவை தூங்குமா? உப்பு அவற்றுக்குப் பிடிக்குமா? கை தூக்கிக் கேட்டேன். டீச்சர், "வரிசையா கேக்கணும், அண்ணாச்சி" என்றாள்.

அந்தப் பெண் குழந்தை என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்ப கை?"

"கை ஒண்ணும் பண்ணல பாப்பா. ஸ்பூன்ல கலக்கினதே பொங்கிருக்கு பாரு."

"என் லெஃப்ட் ஹேண்ட்?"

"அது நல்ல கை. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

"பக்கா?"

"பக்கா."

அவள் உடனே நம்பிவிடவில்லை. "நீங்க லெஃப்ட்ல பண்ணிப் பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்ததில்லை. அந்த வாரமே பட்டறையில் மூன்று தூக்கில் ஒரே மாவை எடுத்தேன். ஒன்றை வலது கையால் கலக்கினேன், ஒன்றைக் கரண்டியால், ஒன்றை இடது கையால். பழக்கமில்லாத கை, பாதி மாவு சட்டையில்தான் விழுந்தது. கிரைண்டர் போடுகிற பையன்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மூன்றும் ஒரே கோட்டுக்கு எழும்பியிருந்தன. சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தேன், அதனால் சந்தேகத்துக்கு இடமில்லை.

மூன்றிலும் ஒவ்வொரு பாக்கெட் எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் எழுதி, டீச்சர் மூலம் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பினேன். எது எந்தக் கை என்று இட்லி தின்று கண்டுபிடிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து டீச்சர் அந்தப் பிள்ளை எழுதிய ஒரு தாளோடு மாவு வாங்க வந்தாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, அவள்தான் படித்துச் சொன்னாள். கண்டுபிடிக்க முடியவில்லையாம், மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறதாம். இடது கையால் எழுதியதாம். கீழே ஒரு கேள்வி: காலால் கலக்கினால்?

அதை மட்டும் நான் இன்னும் செய்து பார்க்கவில்லை.