பிரபுவின் ஜன்னலும் எங்கள் ஜன்னலும்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆம்பூரில் நான் தையல் மிஷினில் உட்காரும் அதே ஷூ கம்பெனியில் இப்போது செக்யூரிட்டி சூப்பர்வைசர். எங்கள் ஹால் ஷோகேஸின் மேல்தட்டில் அவருடைய மெடல்கள் வரிசையாக இருக்கும். அந்தத் தட்டில் வேறு எதையும் வைக்க விடமாட்டார். மகள் பள்ளியில் வாங்கிய கோப்பைகூடக் கீழ்த்தட்டில்தான்.

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் நான் கவுன்சிலருக்கு நிற்கிறேன் என்றேன். பெரிய கொள்கை எதுவும் இல்லை. மழை பெய்தால் தெருச் சாக்கடை எங்கள் சமையலறைக்கே வந்துவிடும். யாரிடம் சொன்னாலும் பார்க்கலாம் என்பார்கள், பார்க்க மாட்டார்கள். எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

"மிலிட்டரிக்காரன் பொண்டாட்டி வீடு வீடா போய் கைகூப்பி நிக்கறதா? அரசியலுக்குப் போனா இன்னா மரியாதை மிஞ்சும்?" என்றார் அவர்.

அவர் சம்மதம் இல்லாமலும் நிற்கலாம்தான். ஆனால் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்க, நான் எந்த முகத்தோடு அடுத்த வீட்டில் ஓட்டுக் கேட்பது? அதைவிட, அவர் என் கூட வரவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஆண்டு விழா வந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறும் தோல் பூட்ஸ் ஒன்றை நாங்கள் வெளிநாட்டுக்குத் தைத்து அனுப்புகிறோம். அயர்லாந்தில் பிறந்த ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் பட்டப்பெயர்தான் அந்த பூட்ஸுக்கும் பெயர். அவர் இளவயதில் மைசூர்ப் போருக்குப் போகும் வழியில் எங்கள் ஊர்ப் பக்கம் கூடாரம் அடித்திருந்தாராம். பூட்ஸ் வாங்குகிறவர்கள் விழாவுக்கு வருகிறார்கள் என்று எச்.ஆர். மேடம் ஒரு பட்டிமன்றம் ஏற்பாடு செய்தார். பிரபுவுக்குப் பெருமை தந்தது போர்க்களமா, பாராளுமன்றமா என்பது தலைப்பு.

போர்க்களத்துக்கு என் வீட்டுக்காரர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பொங்கல் விழா மேடைகளில் தோற்றதே இல்லாதவர். பாராளுமன்றத்துக்குப் பேச ஆள் கிடைக்காமல் மேடம் தவித்தபோது நான் கையைத் தூக்கினேன். சாயங்காலம் வீட்டில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நடுவர் உன் பக்கம் தீர்ப்பு சொல்லிட்டா எலக்‌ஷன்ல நில்லு. நானே கூட வர்றேன்" என்றார்.

அதை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். நான் அரிசி களைய, மகள் போனைப் பார்த்து பிரபுவின் வாழ்க்கையை வாசித்தாள். எதற்கும் லாயக்கில்லாத பிள்ளை என்று பெற்ற தாயே சலித்துக்கொண்டு பட்டாளத்துக்கு அனுப்பியிருக்கிறாள். மைசூர்ப் பக்கம் ஒரு தோப்பில் இருட்டில் வழி தெரியாமல் அடி வாங்கியவர், பிற்பாடு பிரெஞ்சுச் சக்கரவர்த்தியையே வீழ்த்தினார். அப்புறம் பிரதம மந்திரி. போர்க்களப் பக்கம் அத்தனை வெற்றி, என் பக்கம் ஒரே சண்டையும் வசவும்.

விழாவன்று என் வீட்டுக்காரர் மெடல்களைக் குத்திக்கொண்டு மேடை ஏறினார். துப்பாக்கி வெடிப்பதுபோல் பேசினார். கடைசியில் ஓர் இடி இறக்கினார்.

"நடுவர் அவர்களே, சக்கரவர்த்தியை ஜெயிச்சு வந்தப்போ ஊரே மாலை போட்டுச்சு. அரசியலுக்கு வந்தாரு, அதே ஊரு ஜனம் அவரு வீட்டு ஜன்னலைக் கல்லால அடிச்சு நொறுக்குச்சு. ஜன்னலுக்கு இரும்புக் கதவு போட்டுக்க வேண்டியதாப் போச்சு. இதுவா பெருமை?"

கைத்தட்டல் அடங்கவே இல்லை. அவர் தன் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவத்தைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

நான் எழுதி வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். "போர்க்களத்துல அவரு உத்தரவு போட்டாரு. கேக்கறதுக்குப் பட்டாளம் இருந்துச்சு, கேக்கலைன்னா தண்டனை" என்று ஆரம்பித்தேன். "கத்தோலிக்க ஜனம் பாராளுமன்றத்துல உட்காரலாம்னு சட்டம் கொண்டுவர்றப்போ அவருக்கு எந்தப் பட்டாளம் இருந்துச்சு? சொந்தக் கட்சிக்காரங்க எதிர்த்தாங்க. ராஜாவுக்கே பிடிக்கலை. அவருமே முன்னாடி வேணாம்னு சொன்னவருதான். மனசை மாத்திக்கிட்டு, உத்தரவு போட்டுப் பழகின வாயால ஒவ்வொருத்தரையா கேட்டாரு. உத்தரவு போடறவன் கேக்கக் கத்துக்கறதுதாங்க பெரிய வீரம்."

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து விசில் வந்தது.

"கல்லு விழுந்துச்சு, வாஸ்தவம். அது வேற விஷயத்துக்கு. ஓட்டுரிமையை ஜாஸ்தி ஜனத்துக்குத் தர்றதை எதிர்த்தாரு, அதுல அவரு செஞ்சது தப்புதான். ஆனா அவரு ஜன்னலுக்குத்தானே இரும்பு போட்டாரு? வாசலை அடைச்சுக்கலையே. அதுக்கப்புறமும் அதே வாசல் வழியா சபைக்குப் போய்க்கிட்டுதானே இருந்தாரு?"

நடுவர் வாணியம்பாடிக் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர். அவர் இரண்டு பக்கத்தையும் பாராட்டிவிட்டு, போர்க்களம் பிரபுவுக்குப் புகழ் தந்தது, பெருமை தந்தது பாராளுமன்றமே என்று தீர்ப்பளித்தார். என் தையல் லைன் பெண்கள் என்னைத் தூக்காத குறைதான். நான் வீட்டுக்காரரைத்தான் பார்த்தேன். மற்றவர்களோடு அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். முதல் வீட்டுக் கதவைத் தட்டியதும் பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்துவிட்டார். அடுத்த வீட்டில் சமாளித்துக்கொண்டு கைகூப்பினார்.

"எங்க வீட்டம்மாவுக்கு ஒரு ஓட்டு போடுங்க."

தெரு முழுக்க அவர் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் சுயேச்சை, எதிரில் நின்றவர்கள் காசுள்ளவர்கள். ஆனாலும் ஜெயித்தேன். நான் ஜெயித்ததை என்னைவிட அவர்தான் ஊரெல்லாம் சொன்னார்.

கவுன்சிலரானதும் சாக்கடையைத்தான் முதலில் பிடித்தேன். அதன் மேலே படிக்கட்டும் மேடையும் இழுத்துக் கட்டியிருந்தவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வைத்து, பக்கத்திலேயே நின்று இடிக்கச் செய்தேன். வசவு காதில் வாங்க முடியவில்லை. ஆனால் அடுத்த மழைக்கு ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை.

இடிப்பு நடந்த வாரமே ஒரு சாயங்காலம் எங்கள் ஹால் ஜன்னலில் கல் விழுந்தது. நான் வேலை விட்டு வந்தபோது அவர் கண்ணாடித் தூளைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். அன்றே சொன்னேனே என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்து, நானும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவரோ முறத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

நான் உள்பக்கம் திரும்பியபோதுதான் ஷோகேஸைக் கவனித்தேன். மேல்தட்டில் மெடல்களைக் கொஞ்சம் நகர்த்தி இடம் செய்து, அந்தக் கல்லை வைத்திருந்தார். துடைத்து வேறு வைத்திருந்தார்.

"அது இன்னாத்துக்கு அங்க?" என்று உள்ளே வந்தவரிடம் கேட்டேன்.

"களத்துல வாங்கினதை வேற எங்க வைப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனார்.